அயலார் வீட்டில் ஓராண்டு: ஜவ்வாது மலைப் பெண்களுக்கு இந்தப் பாதையைத் திறக்கலாமா?

ஜவ்வாது மலையில் ஒரு தலைமுறைக்கு முன் அரிதாக இருந்த கேள்வி ஒன்று இப்போது ஊர் ஊராக எழுகிறது: பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பெண் அடுத்து எங்கே போவது? திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இந்த மலையில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். தமிழ்நாட்டின் பழங்குடிகளில் எண்ணிக்கையில் மிகப் பெரிய சமூகம் அவர்களுடையது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 3.5 லட்சம் பேர்; கல்வராயன், சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளிலும் இருக்கிறார்கள். மானாவாரியாக விளையும் சாமையும், காட்டில் எடுக்கும் தேனும், புளியும் வருடத்தில் சில மாதங்களுக்குத்தான் கைகொடுக்கும். மீதி மாதங்களுக்குக் கேரளம், கர்நாடகம், திருப்பூர் என்று குடும்பமாகவோ கூட்டமாகவோ கூலிக்கு இறங்குவது பழைய வழக்கம். அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இந்தச் சுழலிலிருந்து ஒரு பகுதிப் பெண்களை வெளியே எடுத்திருக்கின்றன. 2024-இல் புலியூரைச் சேர்ந்த வி. ஸ்ரீபதி உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்று, மலையாளிச் சமூகத்திலிருந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் ஆனார். ஆனால் ஒருவர் நீதிபதியாகும்போது, அதே பள்ளி வரிசையில் அமர்ந்திருந்த பலர் கல்லூரிக்குப் பணமில்லாமல் பஞ்சாலைக்கும், ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்கும், நகரத்து வீடுகளுக்கும் போகிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ‘ஓ பேர்’ என்று ஓர் ஏற்பாடு உண்டு. வெளிநாட்டு இளைஞர், பெரும்பாலும் இளம்பெண், ஒரு குடும்பத்தோடு தங்கிக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார். சின்னச் சின்ன வீட்டு வேலை செய்வார். பதிலுக்குத் தனி அறையும் சாப்பாடும் கைச்செலவுக்குப் பணமும் அந்நாட்டு மொழியைக் கற்கும் வாய்ப்பும் பெறுவார். ஜெர்மனியின் விதிகளைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவருக்கு வயது 18 முதல் 26 வரை இருக்க வேண்டும்; ஜெர்மன் மொழியில் ஆரம்ப நிலைத் தேர்ச்சி வேண்டும்; பட்டமோ முன் அனுபவமோ கட்டாயமில்லை. வேலை நாளுக்கு 6 மணி நேரம், வாரத்துக்கு 30 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மாதம் 280 யூரோ கைச்செலவுப் பணம். மொழி வகுப்புக்கு மாதம் 70 யூரோ. ஓராண்டுக்கு நான்கு வாரம் விடுப்பு. விதிப்படி பார்த்தால் மலையிலுள்ள ஜமுனாமரத்தூரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணுக்கு இந்தக் கதவு மூடப்படவில்லை. ஜவ்வாது மலையிலிருந்து யாரும் வழக்கமாகப் போகும் பாதை இது இல்லை என்பது உண்மை. ஆனால் செவிலியர் பணிக்கும் தொழிற்பயிற்சிக்கும் ஜெர்மனி இந்தியாவில் ஆள் தேடும் காலம் இது. மொழிப் பயிற்சி மையங்களும் முகவர்களும் பெருகும்போது, தகுதி குறைவாகக் கேட்கும் இந்த வழியும் விளம்பரத்துக்கு வரும். வந்த பிறகு யோசிப்பதைவிட இப்போதே யோசிப்பது நல்லது. என் வாதம் இதுதான்: இந்தப் பாதையை மலைப் பெண்களுக்குத் திறக்கலாம், திறக்க வேண்டும். ஆனால் அங்கே போகிறவர் முதலில் தொழிலாளி, பிறகுதான் விருந்தாளி என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே திறக்க வேண்டும். ‘எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி வைத்துக்கொள்வோம்’ என்ற வாக்குறுதி எத்தனை நல்ல மனதோடு சொல்லப்பட்டாலும், அது ஒப்பந்தத்தின் இடத்தை எடுத்துக்கொள்ளும் இடத்தில்தான் உரிமைகள் காணாமல் போகின்றன. அதற்கான சான்று ஐரோப்பாவிலும் இருக்கிறது, சென்னையிலும் இருக்கிறது, ஜவ்வாது மலையிலேயே இருக்கிறது.

1969 நவம்பரில் ஐரோப்பிய மன்றம் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓ பேர் பணியமர்த்தல் பற்றி ஓர் உடன்படிக்கையை உருவாக்கியது. நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு, மாதத்தில் ஒரு ஞாயிறாவது விடுப்பு, எழுத்தில் ஒப்பந்தம் என்று நல்ல விதிகள் அதில் இருந்தன. ஆனால் அதன் முகவுரையே, இவர்கள் மாணவரும் அல்லர் தொழிலாளரும் அல்லர், இரண்டின் கூறுகளும் கொண்ட தனி வகையினர் என்று சொல்லிவிட்டது. அந்த ஒரு முடிவிலிருந்து மற்ற எல்லாம் பிறந்தன. தொழிலாளி இல்லை என்றால் குறைந்தபட்ச ஊதியம் பொருந்தாது. மாணவர் இல்லை என்றால் கல்வி நிறுவனம் எதுவும் பொறுப்பேற்காது. கையெழுத்திட்டு உறுதிசெய்த நாடுகளும் சிலவே. ஜெர்மனி கையெழுத்திட்டும் உறுதிசெய்யவில்லை.

இந்தத் தனி வகையின் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வாரம் 30 மணி என்றால் மாதத்துக்குச் சராசரியாக 130 மணி. 280 யூரோவை அதனால் வகுத்தால் மணிக்கு 2 யூரோ 15 சென்ட் வருகிறது. 2025-இல் ஜெர்மனியின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.82 யூரோ. சாப்பாடும் தங்குமிடமும் சும்மாவா என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. ஜெர்மன் அரசே வரிக் கணக்குக்காக இவற்றுக்கு மதிப்பு வைத்திருக்கிறது: 2025-இல் மாதம் உணவுக்கு 333, தங்குமிடத்துக்கு 282 யூரோ. மொழி வகுப்புக்கான 70 யூரோவையும் சேர்த்துக் கூட்டினால் 965 யூரோ. மணிக்கு ஏழரை யூரோவுக்குச் சற்றுக் குறைவு. எல்லாவற்றையும் தாராளமாகச் சேர்த்த பிறகும், சட்டம் அந்நாட்டில் சாதாரணத் தொழிலாளி ஒருவருக்கு அனுமதிக்காத கூலி அது. அமெரிக்காவில் 1986-இல் தொடங்கிய திட்டத்தில் வாரம் 45 மணி நேரம் வரை வேலை. வாரப் பணம் 195.75 டாலர். கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியத்தில் உண்டுறைவுக்கு 40 விழுக்காட்டைக் கழித்துவிட்டால் மிச்சம் வரும் தொகை அது, ஒரு சென்ட் கூடக் கூடுதல் இல்லை. குறைந்தபட்சமாக வைக்கப்பட்ட தொகையையே முகமை நிறுவனங்கள் சேர்ந்துகொண்டு எல்லோருக்கும் பொதுத் தொகையாக ஆக்கிவிட்டன என்று முன்னாள் ஓ பேர்கள் தொடுத்த வழக்கு, 2019-இல் 6.55 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வீட்டுத் தொழிலாளர் ஊதியச் சட்டம் ஓ பேர்களுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது.

பிரிட்டனின் வரலாறு நமக்கு இன்னும் நெருக்கமானது. கம்பெனி காலத்திலிருந்தே ஆங்கிலக் குடும்பங்கள் சென்னை, கல்கத்தா, பம்பாய்த் துறைமுகங்களில் கப்பலேறும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்களை அழைத்துச் சென்றார்கள். பயணம் முடிந்ததும் சிலருக்குத் திரும்பும் பயணச்சீட்டு கிடைத்தது. சிலர் லண்டன் தெருவில் விடப்பட்டார்கள். அப்படி விடப்பட்டவர்களுக்காக ஏற்பட்ட ஆயாக்கள் இல்லம் 1900-இல் ஹாக்னி பகுதிக்கு மாறியது. ஆண்டுக்கு நூறு பேருக்கு மேல் அங்கே தங்கியிருக்கிறார்கள். அந்தக் கட்டடத்தில் 2022-இல்தான் நினைவுப் பலகை வைக்கப்பட்டது. அந்த ஆயாக்கள் கடல் நடுவே குழந்தைகளின் உயிரைக் காப்பாற்றியவர்கள். குடும்பப் புகைப்படங்களில் இடம்பெற்றவர்கள். கரை சேர்ந்த பிறகு அவர்களுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு, புறப்படும் முன்பே திரும்பும் சீட்டுக்கு யாராவது உறுதி கொடுத்திருந்தார்களா என்பதுதான். அன்பு இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. அன்பு இருந்தும் அவர்கள் தெருவில் நின்றார்கள் என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

நூறாண்டு கழித்து அதே நாட்டின் குறைந்தபட்ச ஊதிய விதிகளில், முதலாளியின் வீட்டில் தங்கிக் குடும்பத்தில் ஒருவராக நடத்தப்படுபவருக்கு அந்த ஊதியம் தர வேண்டியதில்லை என்று ஒரு விலக்கு இருந்தது. ஓ பேர்களை மனதில் வைத்து எழுதப்பட்ட விலக்கு அது. நடைமுறையில் அதன் நிழலில் ஒதுங்கியவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்த வீட்டுத் தொழிலாளர்களின் முதலாளிகள். இந்தியாவிலிருந்து சென்று ஒரு குடும்பத்தோடு தங்கிப் பல ஆண்டுகள் வேலை செய்த பெண் ஒருவர் தொடுத்த வழக்கில், 2020 இறுதியில் தொழிலாளர் தீர்ப்பாயம் இந்த விலக்கு பெண்களுக்கு எதிரான மறைமுகப் பாகுபாடு என்று முடிவு செய்தது. குறைந்த ஊதிய ஆணையமும் 2021-இல் அதை நீக்கச் சொன்னது. 2024 ஏப்ரல் 1 முதல் விலக்கு ஒழிந்தது. அதற்குச் சில நாட்கள் முன், 2024 மார்ச்சில், நார்வே தன் ஓ பேர் திட்டத்துக்குப் புதிய விண்ணப்பங்களை வாங்குவதையே நிறுத்தியது. கலாச்சாரப் பரிமாற்றமாகத் தொடங்கியது மலிவான வீட்டு வேலையாக மாறிவிட்டது என்பது அங்கே நீண்ட நாள் விவாதம். அங்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ் பெண்கள். இரண்டு நாடுகளும் ஒரே நோயைக் கண்டு இரண்டு வேறு மருந்துகளைத் தேர்ந்தன. பிரிட்டன் ஊதியத்தைத் தந்தது. நார்வே கதவை மூடியது. எனக்கு முதல் மருந்தே சரியாகப் படுகிறது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். தொழிலாளியை வேறு பெயரில் அழைத்தால் கூலியைக் குறைக்கலாம் என்ற கணக்கைத் தமிழ்நாட்டுப் பஞ்சாலைகள் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் முழுதாகச் செய்து காட்டின. மூன்றாண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்குத் திரண்ட தொகை. அதுவரை அந்தப் பெண் ‘பயிற்சியாளர்’. பெற்றோருக்குச் சொல்லப்பட்டது பாதுகாப்பான விடுதி, வார்டன் அம்மா, வீட்டுச் சாப்பாடு. நடந்தது இரவு ஷிஃப்ட், வெளியே போகத் தடை, நடுவில் விலகினால் தொகை இல்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ ஆய்வு நிறுவனமும் அதன் கூட்டாளி அமைப்பும் 2011-இலும் 2014-இலும் வெளியிட்ட அறிக்கைகள் இதை ஆடை வாங்கும் ஐரோப்பியக் கம்பெனிகளின் வாசலுக்குக் கொண்டுபோயின. வீட்டு வேலையிலோ அறிக்கை எழுத உள்ளே போகவே முடியாது. 2024 ஜனவரியில் சென்னையில் வெளிவந்த வழக்கை நினைத்துப் பாருங்கள். கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்த தலித் பெண், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர், மேற்படிப்புக்குப் பணம் சேர்க்க ஒரு வசதியான வீட்டில் தங்கி வேலைக்கு நின்றவர்; குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. அடித்தும் சூடு வைத்தும் கொடுமைப்படுத்தினார்கள் என்பது அவர் புகார். வயது, படிப்பு, நோக்கம், வேலை எல்லாவற்றிலும் ஓர் ஓ பேரின் விண்ணப்பப் படிவத்துக்கு அவர் பொருந்துவார். இடமும் ஒப்பந்தமும்தான் இல்லை.

தமிழ்நாடு இதில் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2007-இல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் அமைந்தது. 2018-இல் வீட்டு வேலைக்கு மணிக்கணக்கில் குறைந்தபட்ச ஊதியம் அறிவிக்கப்பட்டது. ஆனால் வாரியத்தில் பதிவு செய்ய விருப்பம் வேண்டும், நேரம் வேண்டும், சங்கத்தின் துணை வேண்டும். நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டு மாலையில் தன் வீட்டுக்குத் திரும்பும் பெண்ணுக்கு அந்தத் துணை தெருவிலேயே கிடைக்கலாம். வீட்டோடு தங்கி நிற்பவருக்குத் தெருவே கிடையாது. 2011 ஜூனில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஏற்ற 189-ஆம் உடன்படிக்கை, தங்கி வேலை செய்பவருக்குத் தனிமையுள்ள இடம், ஓய்வு நேரத்தில் வீட்டைவிட்டு வெளியே போகும் உரிமை, தன் பாஸ்போர்ட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் உரிமை ஆகியவற்றைச் சொல்கிறது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது, இன்றுவரை உறுதிசெய்யவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வீட்டுத் தொழிலாளர்களுக்குத் தனிச் சட்டம் தேவையா என்று ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. சொந்த நாட்டில் எழுதாத சட்டத்தை வெளிநாட்டில் யாரிடம் கேட்பது?

வெளிநாட்டுக்குப் போகும் பெண்ணை நம் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதுதான் இந்த ஆய்வில் என்னை மிகவும் கவலைப்பட வைத்த பகுதி. 1983-இன் குடிபெயர்தல் சட்டப்படி, பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி தேவை. ஒப்பந்தம் சரிபார்க்கப்படும், ஊதியம் பார்க்கப்படும், வீட்டு வேலைக்குப் போகும் பெண் என்றால் 30 வயது நிரம்பியிருக்க வேண்டும், அரசு சார்ந்த நிறுவனம் வழியாகவே போக வேண்டும். தமிழ்நாட்டில் அது 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். ஆனால் பத்தாம் வகுப்பு தேறியவரின் பாஸ்போர்ட்டுக்கு இந்த அனுமதி வேண்டியதில்லை. படித்தவர் தன்னைப் பார்த்துக்கொள்வார் என்ற ஊகம் அதற்குள் இருக்கிறது. உண்டு உறைவிடப் பள்ளியில் பன்னிரண்டு வரை படித்த முதல் தலைமுறைப் பெண்ணுக்கு அந்த ஊகம் பொருந்துமா? அவள் தாய் போனால் ஒப்பந்தத்தை ஓர் அதிகாரி படித்துப் பார்ப்பார். அவள் போனால் யாரும் படிக்க மாட்டார். போகும் நாடு ஜெர்மனியாக இருந்தால் 18 நாடுகளின் பட்டியலிலேயே அது இல்லை. பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாய் என்று உச்சவரம்பு உண்டு. கலாச்சாரப் பரிமாற்றம் என்று பெயரிட்டு வருகிறவர் தன்னை ஆள்சேர்ப்பு முகவர் என்று எதற்குப் பதிவு செய்யப் போகிறார்? உள்நாட்டிலும் இதே ஓட்டைதான். 1979-இன் மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் ஐந்து பேர் சேர்ந்த இடத்திலிருந்துதான் தொடங்கியது. 2020-இன் சட்டத் தொகுப்பு அந்த வாசலைப் பத்துப் பேராக உயர்த்தியது. ஒரு வீட்டுக்கு ஒருத்தியாகப் போகிறவள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

ஜவ்வாது மலைக்கு இந்தக் கணக்கில் வராத நிலையின் விலை தெரியும். மலையில் வேலை எப்போதும் மேஸ்திரி வழியாகவே வருகிறது. அட்வான்ஸ் கையில் கொடுக்கப்படும். போகும் இடம் வாய்ச்சொல். கூலி கழிவு போகக் கடைசியில் கணக்கு. பெரும்பாலான மேஸ்திரிகள் உறவுக்காரர்கள் அல்லது பக்கத்து ஊர்க்காரர்கள் என்பதால் எழுத்து கேட்பது அவமரியாதையாகிறது. இந்தச் சங்கிலியின் மிகக் கொடிய முடிவு 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் நடந்தது. செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி அம்மாநிலக் காவல் துறையின் கடத்தல் தடுப்புப் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. இறந்தவர்கள் தமிழர்கள், பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டங்களின் மலைகளையும் மலையடிவாரங்களையும் சேர்ந்த கூலிகள். மரத்தை வாங்கியவர்களும் விற்றவர்களும் பணம் கொடுத்து அனுப்பியவர்களும் அந்தக் காட்டில் இல்லை. குற்றத் தொழிலையும் குழந்தை வளர்ப்பையும் நான் ஒப்பிடவில்லை. ஆள் போய்ச் சேரும் விதத்தை ஒப்பிடுகிறேன். முன்பணம், இடைத்தரகர், எழுத்தில்லாத பேச்சு, அறியாத ஊர் ஆகிய நான்கும் சேர்ந்தால் ஆபத்து முழுவதும் கடைசி ஆளின் தலையில் இறங்குகிறது. ஓ பேர் ஆகப் போக விமானச் சீட்டு, விசா, மொழித் தேர்வு என்று முதலில் கையிலிருந்து இறங்கும் செலவு லட்சத்தைத் தொடும். ஜமுனாமரத்தூர்க் குடும்பம் அதை எங்கே வாங்கும்? முகவரிடமோ அவர் காட்டும் ஆளிடமோதான். மாதம் 280 யூரோவில் அந்தக் கடனை அடைக்கும் பெண், வீட்டுக்காரர் மோசமானவர் என்றாலும் நடுவில் விலக முடியாது. அட்வான்ஸ் வாங்கிய கூலியின் நிலைக்கு அவள் வேறொரு கண்டத்தில் வந்து சேர்கிறாள்.

முதல் ஆட்சேபம் இப்படி வரும்: இவ்வளவு ஆபத்து என்றால் தடுத்துவிடுங்கள். 18 வயதுப் பெண்ணைத் தனியாக எதற்கு அனுப்ப வேண்டும்? இதற்கு இலங்கையின் அனுபவம் பதில் சொல்கிறது. திருகோணமலை மாவட்டம் மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2005-இல் சவூதி அரேபியாவுக்கு வீட்டு வேலைக்குப் போனபோது அவருக்கு வயது 17. தரகர் கொடுத்த பாஸ்போர்ட்டில் பிறந்த ஆண்டு 1982 என்று மாற்றப்பட்டிருந்தது. வீட்டு வேலைக்கு என்று போனவரிடம் கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுக்கும் பொறுப்பும் ஒப்படைக்கப்பட்டது. போய்ச் சில வாரங்களில் அந்தக் குழந்தை இறந்தது. பால் புரையேறியது என்றார் அவர். கொலை என்றது நீதிமன்றம். விசாரணையின் தொடக்கத்தில் அவருக்கு வழக்கறிஞரும் இல்லை, சரியான மொழிபெயர்ப்பாளரும் இல்லை. 2013 ஜனவரி 9 அன்று தலை வெட்டப்பட்டது. அதன் பிறகு இலங்கை அரசு குறைந்தபட்ச வயதை உயர்த்தியது. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தையுள்ள தாய்மார் போவதற்குத் தடை வைத்தது. ரிசானாவுக்கும் வயது வரம்பு இருந்தது; அதை மீறத்தான் போலிப் பிறந்த ஆண்டு. வயதை உயர்த்தினால் பொய்யான ஆண்டு இன்னும் கொஞ்சம் பின்னால் போகும், அவ்வளவே. பிலிப்பைன்ஸ் 1998-இல் ஐரோப்பாவுக்கு ஓ பேர் அனுப்புவதைத் தடை செய்தது; பெண்கள் வேறு வழிகளில் போய்க்கொண்டே இருந்தார்கள்; 2010-இலிருந்து படிப்படியாக அரசே தடையை விலக்கியது. தடை ஆளை நிறுத்துவதில்லை. ஆளுக்கும் அரசுக்கும் நடுவே இருக்கும் காகிதத்தைத்தான் இல்லாமல் ஆக்குகிறது. நார்வேயின் முடிவை நான் ஏற்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பட்டமும் பணமும் உள்ளவருக்கு ஐரோப்பா செல்லப் பல கதவுகள் இருக்கின்றன. குறைந்த தகுதி கேட்கும் ஒரே கதவைப் பாதுகாப்பின் பேரில் மூடினால், நட்டம் ஏழைப் பெண்ணுக்கு மட்டுமே.

இரண்டாவது ஆட்சேபம் அன்பின் பக்கத்திலிருந்து வருகிறது, எனவே அதை மரியாதையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். குழந்தை வளர்ப்பை மணிக்கணக்குக் கூலியாக்கினால் உறவு கெடாதா? ஒரு குடும்பத்தோடு ஒரே மேசையில் சாப்பிட்டு, மொழியைக் கற்று, வாழ்நாள் நட்போடு திரும்புகிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள், நல்ல குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் நல்ல குடும்பத்துக்கு ஒப்பந்தம் எந்தத் தொந்தரவும் தராது. அது ஏற்கெனவே செய்வதைத்தான் ஒப்பந்தமும் கேட்கும். செவிலியர் சம்பளம் வாங்குவதால் நோயாளியிடம் கருணை குறைந்துவிடுவதில்லை. ஆசிரியர் சம்பளம் வாங்குவதால் மாணவர் மேல் பாசம் போய்விடுவதில்லை. வீட்டுக்குள் செய்யும் பராமரிப்புக்கு மட்டும் கூலியும் அன்பும் ஒன்றையொன்று கெடுக்கும் என்று நாம் நினைப்பதற்குக் காரணம், அந்த வேலையை இதுவரை சம்பளமில்லாமல் பெண்கள் செய்துவந்ததுதான். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2021 மதிப்பீட்டில் உலகின் வீட்டுத் தொழிலாளர்கள் 7.56 கோடி, நான்கில் மூவர் பெண்கள். இத்தனை கோடிப் பேரின் வாழ்க்கையை வீட்டுக்காரரின் குணத்தை நம்பி விடுவது கொள்கை ஆகாது.

வீட்டுக்குள் ஆய்வாளர் எப்படி நுழைவார் என்பது நடைமுறை சார்ந்த கேள்வி. நுழைய வேண்டிய அவசியம் குறைவு என்பதே என் பதில். வேலை நேரப் பதிவு, வங்கிக் கணக்கில் விழும் ஊதியம், வாரம் ஒருமுறை மொழி வகுப்புக்கு வெளியே போவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வெளியே ஓர் அதிகாரியையோ அமைப்பையோ சந்திப்பது ஆகியவற்றில் எதற்கும் யாருடைய வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை. மொழி வகுப்பைப் பலர் கல்விச் சலுகையாகப் பார்க்கிறார்கள். என் பார்வையில் அது பாதுகாப்பு ஏற்பாடு. வகுப்புக்கு வராத பெண்ணைத் தேட ஒருவர் இருப்பார். வார விடுப்பும் அப்படித்தான். வெளியே போக முடிகிறவருக்குத்தான் புகார் சொல்ல முடியும்.

சாலை, மருத்துவமனை, கல்லூரி என்று அடிப்படைத் தேவைகளே மீதமிருக்கும்போது மலைக்கு ஐரோப்பியப் பேச்சு எதற்கு என்றும் சிலர் கேட்கலாம். உள்ளூரில் கல்லூரியும் வேலையும் வந்தால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவை வரும்வரை மலைப் பெண்கள் காத்திருக்கவில்லை. அவர்கள் இப்போதே திருப்பூருக்கும் கோவைக்கும் சென்னைக்கும் போகிறார்கள். போகிறவர் எந்த ஊருக்குப் போனாலும் தேவைப்படும் ஏற்பாடு ஒன்றுதான் என்பதால், இந்த விவாதத்தின் பலன் ஜெர்மனியோடு நிற்காது. வெளிநாடு போகும் ஒருவருக்காக ஜமுனாமரத்தூரில் ஒரு பதிவேடு திறந்தால், சென்னையில் வேலைக்கு நிற்கப் போகும் பத்துப் பேருக்கும் அது உதவும்.

அந்தப் பதிவேட்டுக்குப் புதிய துறை வேண்டியதில்லை. ஜமுனாமரத்தூரில் வட்டாட்சியர் அலுவலகம் இருக்கிறது. பழங்குடியினர் நலத் துறையின் பள்ளிகள் இருக்கின்றன. தேனும் சாமையும் வாங்கி விற்கும் பழங்குடியினர் பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. முதலில் செய்ய வேண்டியது, பத்தாம் வகுப்பு தேறியவர், தேறாதவர் என்ற வேறுபாடில்லாமல், வீட்டில் தங்கி வேலை செய்யப் போகும் எந்தப் பெண்ணின் ஒப்பந்தத்தையும் தமிழில் படித்துக் காட்டி, ஒரு பிரதியைத் தாலுகாவில் வைப்பது. போகும் வீட்டின் முகவரி, குழந்தைகளின் எண்ணிக்கையும் வயதும், வேலை நேரம், பாஸ்போர்ட் யாரிடம் என்பது எல்லாம் அதில் இருக்கட்டும். கைக்குழந்தையைக் கவனிக்க வேண்டும் என்றால், அதற்கான பயிற்சி பெறாதவரை அனுப்பக் கூடாது. அடுத்தது கடன். மொழித் தேர்வுக்கும் பயணத்துக்குமான செலவைக் கூட்டுறவுச் சங்கமோ பழங்குடியினர் நலத் துறையோ குறைந்த வட்டியில் கொடுத்து, அந்தப் பெண் திரும்பிய பிறகு தவணையில் வாங்க வேண்டும். முகவரின் பணம் இந்தப் பயணத்தில் ஒரு ரூபாய் கூட இருக்கக் கூடாது. ஆள்சேர்ப்பை அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே ஏற்கலாம். செவிலியர்களை வெளிநாடு அனுப்பிய அனுபவம் அதற்கு உண்டு. ஊதியம் பற்றிய பேச்சை அந்த நிறுவனம் வீட்டுக்காரரோடு பேச வேண்டும், பெண்ணை விட்டுப் பேசச் சொல்லக் கூடாது: மாதக் கைச்செலவுப் பணத்துக்குப் பதிலாக, உண்டுறைவு மதிப்பைக் கழித்த பிறகு அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியம். இதற்கு ஒப்பாத குடும்பத்துக்கு ஜவ்வாது மலையிலிருந்து ஆள் அனுப்ப வேண்டியதில்லை. இத்தனை செலவில் யார் ஓ பேர் வைத்துக்கொள்வார்கள் என்றால், மாசசூசெட்ஸில் தீர்ப்புக்குப் பிறகும் வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் இருக்கின்றன. எண்ணிக்கை குறையலாம், குறையட்டும். திரும்பும் விமானச் சீட்டைப் போகும் முன்பே வாங்கி, தேதி மாற்றும் உரிமையோடு அந்தப் பெண்ணின் பெயரில் பதிந்துவிட வேண்டும். அதற்கான பணம் அழைக்கும் குடும்பத்திடமிருந்து வர வேண்டும், எந்த நாளில் அதைப் பயன்படுத்துவது என்ற முடிவு அவளுடையதாக இருக்க வேண்டும்.